கூலன்ட் கெட்டுவிட்டதா? அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

போன மே மாதம் என் மேசைக்குத் தண்ணீரால் குளிரும் கணினி ஒன்று வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ட்யூபுக்குள் திரிந்த மோர் ஓடுவது போல இருந்தது. வாங்கும்போது வெள்ளை நிறக் கூலன்ட் (சூட்டைச் சுமந்து செல்லும் திரவம்) நிரப்பியிருந்தார்களாம். தொட்டியில் அளவு குறைந்ததும் உரிமையாளர் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றியிருக்கிறார். "இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அதைத்தானே சார் ஊற்றுகிறோம்?" என்று அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். சில்லின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைக் கூலன்டுக்குக் கொடுக்கும் உலோகத் துண்டான பிளாக்கைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

தண்ணீரால் குளிரும் கணினிகளைத் திறந்து திறந்து நான் எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள் இவை. இவற்றில் பம்ப் தள்ளும் கூலன்ட் பிளாக்கில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றுக்கு விட்டுவிட்டுத் திரும்பும்; இந்தச் சுற்றுதான் லூப். உங்கள் கணினி காட்டும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வரும். பணம் கரையும் காரணம் கடைசியில் வரும்.

## எதையும் கழற்றும் முன்

ஒரு கண்ணாடித் தம்ளர், டார்ச், வெள்ளை டிஷ்யூ காகிதம், ஊசியில்லாத சிரிஞ்சு. இவை போதும். கணினியை அணைத்து, சுவர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, தொட்டியின் மேல்மூடி வழியாக 50 மி.லி. கூலன்டை உறிஞ்சித் தம்ளரில் விடுங்கள். ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தம்ளரைவிட நேர்மையான சோதனைக் கருவி கிடையாது. அந்தத் தம்ளர் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. சில கூலன்டுகளில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிக்கும் விஷம். குழந்தையோ நாயோ நக்கிப் பார்க்கும் இடத்தில் தம்ளரை வைக்காதீர்கள்.

டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. ஆனால் அது ஊற்றப்போகும் வெறும் தண்ணீரைச் சோதிக்கத்தான். கூலன்டில் முக்கிப் பார்த்துவிட்டு எண் அதிகம் என்று பதறாதீர்கள். அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் உப்புகளே அந்த எண்ணை ஏற்றிவிடும்.

## கூலன்ட் பால்போலக் கலங்கியிருக்கிறது

பம்ப்பை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெளிந்துவிட்டால் அது கலங்கலே அல்ல, நுண்ணிய காற்றுக் குமிழ்கள். நுரை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

தெளியவில்லை, தம்ளரின் அடியில் வண்டல் தங்கியிருக்கிறது. நிறத்துக்காகப் போட்ட நுண்துகள்கள் பிரிந்து இறங்கியிருக்கின்றன. வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று பெயின்ட் போல ஒளிபுகாமல் இருக்கும் கூலன்டுகளில் இது பெரும்பாலும் காலத்தால் வருவது. சில நேரம் நாமே வரவழைப்பது: வேறு நிறுவனத்தின் கூலன்டையோ கண்ட தண்ணீரையோ கலந்தால் துகள்களைத் தாங்கி நிற்கும் சமநிலை குலைந்து, எல்லாம் திரண்டு கூழாகிவிடும். ஏசித் தண்ணீர் செய்தது இதைத்தான். ஏசியின் குளிர்சுருளில் படிந்த தூசியும் கிருமிகளும் கொஞ்சம் உலோகமும் அந்தத் தண்ணீரோடு வந்து சேர்கின்றன. பார்வைக்குப் பளிங்கு போல இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதற்கு ஒரே தீர்வு முழுவதையும் வடித்துவிட்டு, வரும் தண்ணீர் நிறமற்று வரும்வரை டிஸ்டில்டு வாட்டரால் அலசுவது. மூன்று தடவைக்குள் தெளிந்தால் அதிர்ஷ்டம். ஏழெட்டுத் தடவை அலசியும் நிறம் வந்துகொண்டேயிருந்தால் பிளாக்கைத் திறந்துதான் ஆக வேண்டும்.

வண்டல் இல்லை, ஒரே சீராக மங்கலாக இருக்கிறது. ட்யூபைப் பாருங்கள். வளையக்கூடிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபா? ஒரு முனையை அரை அங்குலம் நறுக்கி உட்புறத்தை நகத்தால் சுரண்டுங்கள். மெழுகு போல வெள்ளையாக வந்தால், ட்யூபை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து வெளியேறுகிறது என்று பொருள். கூலன்டை எத்தனை தடவை மாற்றினாலும் இது நிற்காது. ட்யூபைத்தான் மாற்ற வேண்டும். நான் கறுப்பு இபிடிஎம் ரப்பர் ட்யூபைப் போடச் சொல்வேன். உள்ளே ஓடுவது தெரியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் கடின அக்ரிலிக் குழாய்க்குப் போகலாம். வேலை அதிகம், செலவும் அதிகம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: சிபியு பிளாக்கைப் பொறுமையுள்ள எவரும் திறந்து மூடலாம். கிராஃபிக்ஸ் கார்டின் முழுப் பிளாக் அப்படியல்ல. மெமரிச் சில்லுகளின் மேல் வைக்கும் வெப்பப் பட்டைகளின் கனம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் நடுச் சில்லு பிளாக்கை ஒழுங்காகத் தொடாது. அந்தக் கனம் எவ்வளவு என்று கையேட்டில் இல்லையென்றால் கைவைக்காதீர்கள்.

## பச்சை படர்ந்திருக்கிறது

நிறமற்ற கூலன்ட் பச்சையாவதற்கு மூன்று காரணங்கள்தான் நான் பார்த்தவை. டிஷ்யூவால் தொட்டியின் உட்சுவரை ஒரு தடவை துடைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

வழவழப்பாக, நூல்நூலாக வருகிறது. குளத்து வாடை அடிக்கிறது. பாசி. வெளிச்சம் விழும் பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும். வெறும் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றியிருப்பார்கள். அல்லது காசை மிச்சப்படுத்த, கிளைக்கால் கலந்த கூலன்டில் அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்த்திருப்பார்கள். கிளைக்கால் போதிய அளவு இருந்தால் கிருமி வளராது. ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அதுவே கிருமிக்குத் தீனியாகிவிடும். ஆகவே, ஊற்றிக்கொள்ளத் தயாராக வரும் கூலன்டை மேலும் நீர்க்கச் செய்யாதீர்கள்.

வடித்து, அலசி, தொட்டியைத் துடைத்து, கிருமிக்கொல்லி கலந்த கூலன்டை ஊற்றினால் தீரும். பழைய ஆட்கள் வெள்ளிச் சுருளைத் தொட்டிக்குள் போடுவார்கள். தாமிர சல்ஃபேட் சொட்டுகளையும் விடுவார்கள். நிக்கல் முலாம் பூசிய பிளாக் இருந்தால் வெள்ளிச் சுருளைத் தவிருங்கள். லூப்பில் அலுமினியம் இருந்தால் தாமிர சல்ஃபேட் பக்கமே போகாதீர்கள்.

வழவழப்பு இல்லை, நீலம் கலந்த பச்சை. ஃபிட்டிங் (ட்யூபை மாட்டும் திருகு முனை) ஓரத்தில் பொடி. செம்பு அரிக்கிறது. வெகுநாள் விளக்காத செம்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பேதான். புது ரேடியேட்டரைக் கழுவாமல் மாட்டினால் உள்ளே பற்றவைத்தபோது தங்கிய ஃப்ளக்ஸ் (பற்றவைப்புப் பசை) கரைந்து கூலன்டை அமிலமாக்கும். அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டுச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே கதைதான். ரேடியேட்டரைத் தனியே கழற்றி, சூடான டிஸ்டில்டு வாட்டரைப் பாதியளவு நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, கை வலிக்கும்வரை குலுக்குங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். துகள் எதுவும் வராத நாள்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

சாயம். யாரோ கார் கூலன்டை ஊற்றியிருக்கிறார்கள். கேட்டால் ஒப்புக்கொள்வதற்குச் சற்று நேரமாகும்.

இவை மூன்றும் இல்லாமல் சாம்பல் நிறச் சேறு வந்தால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். செம்புப் பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண். இரண்டையுமே அது இழுக்காது. ரேடியேட்டரின் ஃபிட்டிங் மாட்டும் மரையிலும், கண்ணில் படாத ஓரத்துத் தகட்டிலும் குண்டூசியால் லேசாகக் கீறுங்கள். சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் செம்பு, பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இந்த இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். உள்ளிருந்து ஓட்டை விழும்வரை கரையும். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட் அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். செம்பு ரேடியேட்டர் வாங்குவது செலவுதான். ஒழுகி, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

## நிறமெல்லாம் சரி, ஆனால் சூடு ஏறுகிறது

"நல்ல கூலன்டாக மாற்றினால் சூடு குறையுமா?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். குறையாது. வெறும் தண்ணீருக்கும் விலையுயர்ந்த கூலன்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரியைத் தாண்டுவதில்லை. அதிலும் முன்னால் நிற்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். கூலன்டுக்குக் கொடுக்கும் காசு குளிர்ச்சிக்காக அல்ல. உள்ளே பாசி பிடிக்காமல், உலோகம் அரிக்காமல் இருப்பதற்காக.

சென்னையில் ஒரு தனித் தொல்லை. ஜனவரியில் அறை 26 டிகிரி, மே மாதம் 36. கணினி தன் தண்ணீரை அறையைவிட 10 டிகிரி அதிகமாக வைத்திருக்கும் வகை என்றால், ஒன்றுமே கெடாமல் தண்ணீர் 36லிருந்து 46க்கு ஏறிவிடும். ஆகவே வெறும் சூட்டைப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். அறையின் வெப்பம், தண்ணீரின் வெப்பம், சில்லின் வெப்பம் என மூன்றையும் ஒரே வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் சேர்ந்து ஏறியிருக்கின்றன, வித்தியாசங்கள் பழையபடியே இருக்கின்றன. கணினியில் கோளாறு இல்லை. கோடைக்காலம்.

தண்ணீருக்கும் அறைக்கும் இடையிலான வித்தியாசம் கூடியிருக்கிறது. ரேடியேட்டர் பக்கம் தேடுங்கள். முதலில் தூசி: மின்விசிறியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளி போலப் படிந்திருக்கும். பாதிக் கணினிகள் ஒரு பழைய பெயின்ட் பிரஷோடு குணமாகிவிடுகின்றன. பிறகு, நின்றுபோன விசிறி ஏதாவது உண்டா என்று பாருங்கள். அதன்பின், கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சில்லுக்கும் தண்ணீருக்கும் இடையிலான வித்தியாசம் கூடியிருக்கிறது. பிளாக் பக்கம் தேடுங்கள். சில்லுக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அதை மாற்றுவது மலிவு. அதற்கும் அசையவில்லையென்றால் பிளாக்கின் உள்ளே அடைப்பு. பிளாக்கைத் திறந்தால் செம்பில் தலைமுடியளவு இடைவெளி விட்டுச் சீவிய கால்வாய்கள் தெரியும். நான் முதலில் சொன்ன கணினியில் அவை தெரியவே இல்லை. தயிர் ஏட்டை வழித்துப் பூசியது போல இருந்தது. மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கால்வாய் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல.

வெற்றுச் செம்பு கறுத்திருந்தால், பாட்டி குடத்தை விளக்கிய வழி இங்கேயும் பலிக்கும். நீர்க்கக் கலந்த வினிகரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் பளபளத்துவிடும். புளியும் அதையே செய்யும், ஆனால் அதன் நார் கால்வாயில் சிக்கிக்கொள்ளும். வெள்ளி நிறத்தில் இருக்கும் நிக்கல் முலாம் பிளாக்கில் இந்த வேலையெல்லாம் வேண்டாம். முலாம் உரிந்து வரக்கூடும். அக்ரிலிக் மூடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். பிறகு திருகு மரையைச் சுற்றி நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும்.

ஒரு ட்யூப் கொதிக்கிறது, மற்றொன்று குளிர்ந்திருக்கிறது. ஓட்டம் நின்றுவிட்டது. ஒழுங்காக ஓடும் லூப்பில் எந்த இடத்தைத் தொட்டாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. உடனே அணையுங்கள். பம்ப்பின் மின் இணைப்பு கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகைக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது. இணைப்பு சரியாக இருந்தும் சுழலவில்லையென்றால் பம்ப்பை மாற்ற வேண்டியதுதான்.

தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் எந்தச் சோதனையும் செய்யாமல் நிறுத்துங்கள். பரவலாகப் பயன்படும் டி5 பம்ப்பின் எல்லை அதுதான். பிஇடிஜி என்னும் கடின பிளாஸ்டிக் குழாய்களும் அந்தச் சூட்டில் இளகி, ஃபிட்டிங்கிலிருந்து நழுவத் தொடங்கும்.

## நுரை, குமிழ், கடகடச் சத்தம்

புதிதாக நிரப்பிய லூப்பில் குமிழ் இருப்பது இயல்பு. தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, கேபினட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து, பம்ப் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடவிடுங்கள். முழுவதும் போக இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

குமிழ் வேறு, நுரை வேறு. தொட்டியின் மேல் பீர் போல நுரை நின்றால், பெரும்பாலும் சுத்தம் செய்யும்போது யாரோ பாத்திரம் தேய்க்கும் திரவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வடித்து அலசுவதைத் தவிர வழியில்லை. நுரைக்கு எதிராக இன்னொன்றை ஊற்றி வைக்காதீர்கள்.

காற்றெல்லாம் போன பிறகும் அரைக்கும் சத்தம் நிற்கவில்லையென்றால் பெரும்பாலும் பம்ப் எப்போதோ வறண்டு ஓடியிருக்கிறது. அதற்கு எண்ணெயும் கிரீஸும் கூலன்ட்தான். நிரப்பும்போது தொட்டி காலியாகும் முன் பம்ப்பை நிறுத்தத் தவறிய சில விநாடிகளுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

## தொட்டியில் அளவு குறைகிறது

தொட்டியின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, கோடு போட்டு, தேதி எழுதுங்கள். முதல் வாரத்தில் இறங்கினால் உள்ளே ஒளிந்திருந்த காற்று வெளியேறியிருக்கிறது. அதன்பின் மாதத்துக்குச் சில மில்லிலிட்டர் குறைந்தால், மென்மையான ட்யூபின் சுவர் வழியாகவே தண்ணீர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும் என்பதால், அந்தச் சிறு அளவை டிஸ்டில்டு வாட்டரால் ஈடுகட்டலாம்.

வாரத்துக்கு வாரம் கோடு இறங்கினால் கசிவு. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் சுற்றி டிஷ்யூவால் ஒற்றுங்கள். ஈரம் இல்லாவிட்டாலும் காய்ந்த நிறக் கறை காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ஃபிட்டிங் தளர்ந்திருக்கும் அல்லது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நசுங்கி வெட்டுப்பட்டிருக்கும். கையால் முறுக்குவது போதும். குறடு போட்டால் அக்ரிலிக் மரை போய்விடும்.

சரிசெய்தபின் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பவர் சப்ளையின் எல்லா வயர்களையும் மதர்போர்டிலிருந்தும் கார்டிலிருந்தும் கழற்றிவிட்டு, 24 முனை இணைப்பியில் இதற்கென விற்கும் ஜம்பர் பிளக்கைச் செருகுங்கள். ஃபிட்டிங்குகளின் கீழே டிஷ்யூவைப் பரப்பி, 24 மணி நேரம் ஓடவிடுங்கள். அடிக்கடி லூப்பைக் கழற்றுகிறவர்கள் காற்றழுத்தச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது; தண்ணீரை ஊற்றும் முன்பே ஓட்டையைச் சொல்லிவிடும்.

புட்டியில் "மின்சாரம் கடத்தாது" என்று எழுதியிருப்பதை நம்பி ஓடும் கணினியில் பரிசோதனை செய்யாதீர்கள். புட்டிக்குள் இருக்கும்வரை அது உண்மையாக இருக்கலாம். லூப்பில் சுற்றி உலோகத்தைத் தொட்டு, மதர்போர்டின் தூசியில் விழுந்த பிறகு அந்த வாக்குறுதி செல்லாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மின்சாரம் ஓடும்போது போர்டின் மேல் சொட்டியிருந்தால். உலர்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் செய்வதுதான் பலர் செய்யும் கடைசித் தவறு.

## மூடி வரும் ஏஐஓ என்றால்

ஏஐஓ என்பது பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து, தொழிற்சாலையிலேயே கூலன்ட் நிரப்பி வரும் தொகுப்பு. கூலன்டை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை, திறக்கவும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும் சேர்ந்துதான் இருக்கும். தடுப்பானை அளந்து கலந்து, காற்றுப் புகாமல் மூடியிருப்பதால் தாக்குப்பிடிக்கின்றன. சலசலவென்று சத்தம் கேட்டால் பம்ப் ரேடியேட்டரைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரை மேலே மாட்டினால் தீரும். வாரன்டி முடிந்து சூடும் ஏறினால் புதிது வாங்குங்கள்.

## வடித்தாயிற்று, இனி எதை ஊற்றுவது?

நிறமற்ற, தெளிவான, அரிப்புத் தடுப்பானும் கிருமிக்கொல்லியும் கலந்து வரும் கூலன்ட். என் பதில் எப்போதும் இதுதான். வண்ணம் வேண்டுமென்றால் விளக்கில் வையுங்கள். சாயம் ட்யூபைக் கறையாக்கும், ஒளிபுகா வகை வண்டலாகும், மினுமினுத்துச் சுழலும் வகை புகைப்படம் எடுத்து முடித்த கையோடு வடிக்க வேண்டியது.

சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அடர்கரைசலும் கிடைக்கும். பெரும்பாலும் 100 மி.லி. புட்டியை 900 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் கலக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் புட்டியில் போட்டிருக்கும் விகிதத்தை மட்டும் பின்பற்றுங்கள். தண்ணீரைப் பேட்டரிக் கடையில் வாங்குகிறவர்கள் கேனில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படியுங்கள். பேட்டரி வாட்டரும் பேட்டரி ஆசிடும் ஒரே மாதிரிக் கேனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் டிடிஎஸ் மீட்டரை முக்குங்கள். 5 பிபிஎம்முக்குள் இருந்தால் ஊற்றலாம். வீட்டுக்கு வரும் குடிநீர்க் கேனில் பல பத்துகள் காட்டும், போர்வெல் தண்ணீரில் பல நூறுகள், இரண்டும் வேண்டாம்.

கார் கூலன்ட் மலிவுதான். அது கூடுதல் பாகுத்தன்மையும் அடர்சாயமும் கொண்டது, பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். காருக்கே இருக்கட்டும்.

தெளிவான வகையை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒளிபுகா வகையை விடமாட்டேன் என்கிறவர்களை ஆறு மாதத்தில் வரச் சொல்கிறேன். எதுவானாலும் ஊற்றிய தேதி, பெயர், விகிதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பின்புறம் ஒட்டுகிறேன். அடுத்து திறக்கப்போகிறவர் நானாகவே இருந்தாலும் எனக்கு நினைவிருக்காது.

அந்த மோர்க் கணினிக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. ட்யூப் எல்லாம் புதிது, பிளாக்கும் ரேடியேட்டரும் பிழைத்துக்கொண்டன. நிறமற்ற கூலன்டும் தொட்டிக்கு ஒரு வெள்ளை விளக்கும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏசிக் குழாயின் கீழே பக்கெட் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இது இன்வெர்ட்டருக்கு மட்டும் சார்" என்றார்.